பிடிமானம்

தம்பெரேயில் நவம்பர். மூன்றரைக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
ரௌனி திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
இரவெல்லாம் கணினி முக்கி முனகி ஈன்றது:
மரம் வெட்டும் எந்திரத்தின் முழங்கைக்கு ஒரு தாங்கி.
நாலு கிலோ நூறு கிராம் எஃகுக் கட்டியைக் கொடுத்திருந்தாள்.
சுமை ஓடும் தடத்தை மோப்பம் பிடித்து
ஓடாத இடத்தையெல்லாம் தின்று தீர்த்து
மிச்சம் வைத்திருக்கிறது இரண்டே கால் கிலோ.

எலும்பு மாதிரி இருக்கிறதே என்கிறார்கள்
தேநீர்க் கோப்பையோடு கடந்துபோகிறவர்கள்.
கிட்டப் போனால் எலும்பில்லை, படிக்கட்டு.
இரண்டு லட்சத்துச் சொச்சம் முக்கோணங்கள்;
தான் எதன் பகுதியென்று
ஒன்றுக்கும் தெரியாது.

ஓரங்களில் சாம்பல்.
இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று
இழுத்துப் பேசும் உலோகம்.
முப்பது சதவீதம் மட்டும் இருக்கிற எஃகை
எந்த ஆலையில் வாங்குவது?
கோட்டைத் தாழ்த்திப் போட்டால் தொடை பருக்கிறது.
கொஞ்சம் உயர்த்தினால்
ஒரு கால் அறுந்து அந்தரத்தில் நிற்கிறது,
எதையும் தாங்காமல், எதன்மீதும் சாயாமல்.

மழுப்பும் பொத்தானை அழுத்தினாள்.
படிகள் கரைந்தன.
சன்னக் கால் இன்னும் சன்னமானது.
நான்கு போல்ட் துளைகளும் முட்டையாயின.
மழுப்பல் என்றால் அப்படித்தான்,
சொரசொரப்போடு கொஞ்சம் உண்மையும் போய்விடும்.

அழித்தாள்.
மாறக்கூடாததை முதலில் வைத்தாள்:
பதினாறு மில்லிமீட்டரில் நான்கு துளை,
வட்டமென்றால் வட்டம்.
பிறகு கணினியின் உருவைப் பனிமூட்டம்போல் மங்கவிட்டு
அதனுள்ளே வெட்டுமுகம் வெட்டுமுகமாகக் கோடு இழுத்தாள்.
ஒரு காலுக்கு ஒன்பது வளையம், மேலே ஒரு போர்வை.
அது சொன்னதையெல்லாம் கேட்கவில்லை;
சொல்ல வந்ததைக் கேட்டாள்.
மூன்று கால் கூடும் கவட்டையில் மட்டும்
போர்வை சுருங்கியது, கிழிந்தது, தன்னையே மடித்து உள்ளே புகுந்தது.
புதன்கிழமை முழுவதையும் அந்தக் கவட்டை விழுங்கியது.
வியாழன் காலை
ஒளியை ஓடவிட்டுப் பார்த்தாள்;
வரிகள் எங்கும் முறியாமல் வழுக்கிப் போயின.

கடைசல் கூடத்துக்கு அனுப்பினாள்.
அரை மணியில் யல்மாரியே மேலே வந்துவிட்டான்,
அவளைவிடப் பதினைந்து வயது இளையவன்,
காதோரத்தில் இன்னும் பாதுகாப்புக் கண்ணாடி.
"பிடித்திருக்கிறது," என்றான்.
"எங்கே பிடிப்பது?"

அவள் விழித்தாள்.

"வார்த்து வரும். சரி. துளையைக் கடையணும்.
என் வைஸுக்கு இருப்பது இரண்டு தட்டை உதடு.
இதில் தட்டையாக
ஒரு தபால்தலை அளவுகூட இல்லையே."

விசைகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தாள்:
மரம் இழுப்பது, கை முறுக்குவது,
உறைந்த மண்ணில் சக்கரம் துள்ளுவது.
யல்மாரியின் வைஸை எழுதவில்லை.
இறுக்கும் கையும் ஒரு சுமை என்று
கணக்குக்கு யார் சொல்வது?

கணினி முதல் சுற்றிலேயே தின்ற மூலையில்
ஒரு திமிலைத் திரும்ப வைத்தாள்.
இரண்டு பக்கமும் தட்டை. அழகில்லை.
எந்தப் பாதையும் அதன் வழியாகப் போகவில்லை.
மறுபடி சுமை ஏற்றிச் சோதித்தபோது
கவட்டை மஞ்சளானது, சிவக்கவில்லை;
திமில் கடைசிவரை நீலமாகவே
தூங்கிக்கொண்டிருந்தது.

ஹன்னெஸ் எடைப் பட்டியலைப் பார்த்தார்.
"இருநூற்றுத் தொண்ணூறு கிராம் கூடியிருக்கிறதே, எதற்கு?"
"கவட்டைக்கு நூற்று அறுபது," என்றாள்.
"மீதி யல்மாரிக்கு."

ஜனவரியில் முதல் உருப்படி வந்தது,
கடைசல் எண்ணெய் மணத்தோடு, துளைகள் பளிச்சென்று.
மேசையிலிருந்து எடுத்து
விளக்கடியில் உயர்த்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்,
அந்த ஒளிவரிகள் நிஜத்திலும் வழுக்குகின்றனவா என்று.
வாசலில் நின்ற யல்மாரி ஒன்றும் சொல்லவில்லை,
அவள் கை எதைப் பற்றியிருந்தது என்று
பார்த்துக்கொண்டிருந்தான்.